ஒருநாள் குஞ்சு

முதல் பிணம் ஒரு முட்டைக்கோழி.
மோகனூர் ரோட்டுப் பண்ணைக்காரர்
உரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்.
ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே,
எட்டு வைக்கப் போய்
பாதியில் மறந்துவிட்டதுபோல் விறைத்துக் கிடந்தது.
"வாதமுங்க. நூத்துக்கு முப்பது இப்படிப் போவுதுங்க."
கத்தரி வைத்துத் திறந்தேன்.
ஈரலைத் தேட வேண்டியிருக்கவில்லை,
மற்றதைத்தான் தேட வேண்டியிருந்தது.

வாதமில்லை, புற்று.
புற்றுக்குப் பின்னால் ஒரு வைரஸ்.
இறகின் வேரில் விளைந்து, தூசியாய் உதிர்ந்து
அடுத்த கூண்டின் மூச்சுக்குள் போவது.
விளக்கிச் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்:
"வெளிய தெரிஞ்சா முட்டை வெலை எறங்குமுங்களா?"

நாமக்கல்லில் பத்து வருஷம் அதனோடு இருந்தேன்.
வாரம் ஒருநாள் ஹேச்சரி.
திரவ நைட்ரஜன் புகைக்குள்ளிருந்து ஆம்பூலை எடுத்து
வெதுவெதுப்பில் இளக்கி
நீலச் சாயம் சேர்த்து
பிறந்து ஒருநாள் ஆன குஞ்சின் பிடரித் தோலுக்கடியில்
புள்ளி இரண்டு மில்லி.
பாவாயி மணிக்கு இரண்டாயிரம் போடுவாள்.
குஞ்சைப் பார்க்கமாட்டாள், கை பார்த்துக்கொள்ளும்.
ஞாயிற்றுக்கிழமையும் விரல்நுனி நீலம்.
ஒருநாள் டீ நேரத்தில் கணக்குப் போட்டோம்.
பதினோரு வருஷம்,
நாலு கோடிக்குக் கொஞ்சம் குறைவு.
"அத்தனைக்கும் புத்து வராதுங்களா அம்மிணி?"
வராது என்றேன்.
பெருமையாகத்தான் சொன்னேன்.

அவளுக்கு வந்தது.
கர்ப்பப்பை வாய்.
வெள்ளைப்பட்டதைச் சூடு என்று நினைத்து
இரண்டு வருஷம் வெந்தயத்தோடு ஓட்டியிருக்கிறாள்.
ஈரோட்டில் பார்த்துவிட்டுக் கோயமுத்தூருக்கு எழுதினார்கள்.
கட்டில் கம்பியைப் பிடித்தபடி கேட்டாள்:
"கோழிக்கு இருக்குதுங்களே.
நமக்கு இல்லீங்களா?"

இன்னும் இல்லை என்றேன்.
அந்த 'இன்னும்' யாருக்காகச் சொன்னதோ.

முப்பத்தொன்பது வயதில் கோழியை விட்டேன்.
மாட்டு டாக்டருக்கு இங்கே என்ன வேலை
என்று கோவையில் கேட்டார்கள்.
பதில் சொல்லாமல் ஒரு வருஷம் ஜெல் ஊற்றினேன்.
பாவாயியின் செல்களை வளர்க்கப் பார்த்தேன்.
ஒன்பது நாள் இருந்தன, தட்டின் ஓரத்தில்.
செத்த அன்று நோட்டில் "மாசு" என்று எழுதினேன்.
நிம்மதி என்று எழுத அதில் கட்டம் இல்லை.

அந்த வைரஸ் கொல்ல வந்ததல்ல.
தோலின் மேலடுக்குக்கு ஏறி, பெருகி,
உதிர்ந்து வேறோர் உடம்புக்குப் போவதே பிழைப்பு.
எங்கோ ஒரு பிரதியெடுப்பில் அதன் வளையம் அறுந்து
நம் இழையோடு சேர்த்துத் தைபட்டுவிடுகிறது,
ஓவர்லாக் மிஷினில்
தையல்காரியின் முந்தானை மாட்டிக்கொள்வதுபோல.
அதற்குப் பின் அதனால் எங்கும் போக முடியாது.
பிள்ளை பெறாது, பரவாது.
உள்ளேயே இருந்துகொண்டு
செல்லின் பிரேக்கைக் கழற்றிக்கொண்டேயிருக்கும்.
புற்று அதற்கும் முட்டுச்சந்து.
இதைக் கண்டுபிடித்தது நானில்லை.
எந்த இடத்தில் தைபடுகிறது என்று
அறுநூற்றுச் சொச்சம் பெண்களில் பார்த்தேன், அவ்வளவுதான்.
திருச்செங்கோடு, ராசிபுரம், பெருந்துறை.
டவுன்பஸ்ஸில் மடியில் ஐஸ்பெட்டி.
"மீனுங்களா?" என்பார் கண்டக்டர்.
ஆமாம் என்பேன்.
மூன்று கட்டுரை. ஒன்றில் என் பெயர் நாலாவது.
நடுவில் ஒரு வருஷம் நமக்கும் ஊசி வந்தது,
ஒரு ஊசிக்கு
பாவாயியின் ஒரு மாசச் சம்பளம்.

போன மாசம் ஓய்வு.
சால்வையை வீட்டில் போட்டுவிட்டு
பழைய ஹேச்சரிக்கு ஒரு நடை போனேன்.
கட்டடம் புதுசு, கீச்சுச் சத்தம் அதே.
அந்த மேசையில் ஒரு பெண், பத்தொன்பது இருக்கும்.
விரல்நுனி நீலம்.
"ஊசி போட்டாச்சா கண்ணு?"
தட்டைத் தள்ளி அடுத்த தட்டை இழுத்தபடி
நிமிராமல் சொன்னாள்:
"எல்லாத்துக்கும் போட்டாச்சுங்க."